ராமநாதபுரம் கடற்கரை ஊர், எம்வி-யில் 80×60 மேப்: எதை எங்கே வைப்பது?

மண்டபம்_பிக்சல்

வணக்கம். ஆர்பிஜி மேக்கர் எம்வி என்ற கணினி விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் ஒரு விளையாட்டு செய்கிறேன். கதை நடப்பது 1900 வாக்கில், பாம்பனில் ரயில் பாலம் வருவதற்கு முன்னால். ஊர் கற்பனை, பெயர் சங்குமுனை. கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் மூன்றின் சாயலும் வேண்டும்.

மேப் 80×60 கட்டம், டைல் (ஒரு கட்டத்துக்கான சதுரப் படம்) 48 பிக்சல். தங்குமிடம், பொருள் கடை, ஆயுதக் கடை, கோயில், பள்ளிவாசல், படகுத்துறை, 34 வீடு, 20 என்.பி.சி. (ஆடுபவர் இயக்காத ஊர் ஆட்கள்) என்று பட்டியல் போட்டு எல்லாவற்றையும் வைத்தாயிற்று. இருந்தும் ஊர் மாதிரி இல்லை, பொம்மைக் கொலு மாதிரி நிற்கிறது. ஆடிப் பார்த்த பசங்களுக்குக் கடைக்குப் போகும் வழிகூட மனசில் நிற்கவில்லை.

கேட்க நினைப்பது இவை. கடல் திரையின் எந்தப் பக்கம் வரவேண்டும்? 34 வீடு கூடுதலா, குறைவா? தெரு நேராக இருக்கணுமா, வளைந்தா? அந்தக் காலத்தில் குடிதண்ணீர் எங்கிருந்து எடுத்திருப்பார்கள், அதை மேப்பில் எப்படிக் காட்டுவது?

கட்டம்17

முதலில் எண்களைப் பார்த்துவிடுவோம் தம்பி, பாதிச் சிக்கல் அங்கேதான் இருக்கும்.

எம்வி-யின் வழக்கமான திரை 816×624. 48 பிக்சல் டைலுக்கு அது 17×13 கட்டம். ஆக உங்கள் 80×60 மேப் சுமார் 22 திரைப் பரப்பு கொண்டது. ஒரு திரைக்கு ஒரு அடையாளமாவது இருந்தால்தான் ஆடுபவருக்கு வழி பிடிபடும். 34 வீட்டை 22 திரையில் சமமாகத் தூவினால் எந்தத் திரையும் எதையும் சொல்லாது, எல்லா மூலையும் ஒரே மாதிரி இருக்கும்.

வேகம் 4-இல் நாயகன் வினாடிக்கு 3.75 கட்டம் நடப்பான். ஷிஃப்ட் பிடித்து ஓடினால் 7.5. கிழக்கிலிருந்து மேற்குக்கு 80 கட்டத்தைக் கடக்க நடையில் 21 வினாடி, ஓட்டத்தில் 11 வினாடி. ஒரு வேலைக்காக ஊரை நாலு தடவை குறுக்கே அலையவிட்டால் அலுத்துப்போகும். அடிக்கடி போகிற இடங்களை (கடை, தங்குமிடம், துறை) ஒன்றுக்கொன்று 25 கட்டத்துக்குள் வைங்க. தூரத்தில் இருக்கவேண்டியது எப்போதாவது ஒருமுறை போகிற இடம்.

மேப்பை 60×50 ஆகக் குறைக்கலாம். 24 வீடு போதும். அதில் உள்ளே நுழையக்கூடியது 9 அல்லது 10. மீதிக் கதவைத் தட்டினால் ஒரு வரி பதில் வரணும்: "ஆள் கடலுக்குப் போயிருக்கு", "திண்ணையில உக்காருங்க, வந்துருவாக". பதிலே வராத கதவு வெறும் சுவர்ப் படம்தான்.

இப்போது கடல் எந்தப் பக்கம் என்ற கேள்வி. இதில் தயக்கமே வேண்டாம், தெற்கு. எம்வி-யின் வீட்டு டைல்களில் முன்சுவரும் கதவும் திரையின் கீழ்ப்பக்கம் பார்த்துத்தான் இருக்கும். கடல் கீழே இருந்தால் வீடுகளின் முகம் கடலைப் பார்க்கும், படகுத்துறை திரையில் கீழ்நோக்கி நீளும், ஆடுபவர் கண்ணுக்கு ஊரும் கடலும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் எல்லாம் மன்னார் வளைகுடாப் பக்கம், கடல் தெற்கிலோ தென்கிழக்கிலோதான். மேப்பும் நிலமும் சண்டை போடாமல் ஒத்துப்போகும். பாக் நீரிணைப் பக்கம் எடுத்தால் கடல் வடக்கிலோ கிழக்கிலோ வந்து, ஊர் முழுக்க முதுகைக் காட்டும்.

கடலுக்கு எத்தனை வரிசை? நாயகன் திரை நடுவில் நிற்பான், அவனுக்குக் கீழே 6 வரிசைதான் தெரியும். கரையோரம் நின்று பார்க்க 8 வரிசைத் தண்ணீர் தாராளம். நிறைய பேர் 15, 20 வரிசை நீலத்தைக் கொட்டிவிட்டு ஊருக்கு இடமில்லை என்பார்கள். படகு ஓட்டம் வேண்டுமானால் அதற்குத் தனி மேப் போட்டு டிரான்ஸ்ஃபர் பண்ணுங்க.

தெருவில் ஒரு கண்ணி இருக்கிறது. கிழக்கு மேற்காக ஓடும் தெருவில் வடக்கு வரிசை வீடுகள்தான் கதவைக் காட்டும். தெற்கு வரிசை வீட்டின் கூரை மட்டும் தெருவுக்குள் எட்டிப் பார்க்கும், கதவு மறுபக்கம். ஆகவே கிழக்கு மேற்குத் தெருவை ஒருபக்கத் தெருவாகவே நினைத்து வரையுங்க. வடக்கே வீடு, தெற்கே மட்டைவேலி, கொல்லைப்புறம், கிணறு, மாட்டுக் கொட்டகை. வடக்கு தெற்காக ஓடும் தெருவில் இருபுறமும் வீடு வைக்கலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் 3×2 முற்றம் விட்டு, முற்றத்திலிருந்து தெருவுக்குப் படல் திறந்தால் கதவு தெற்கே பார்த்திருப்பது உறுத்தாது.

அகலம்: பெரிய தெரு 4 கட்டம், சந்து 2. ஆள் நடமாடும் இடத்தில் 1 கட்டச் சந்து வேண்டாம்.

ஊருணிக்கரை

கட்டம்17 சொன்ன கணக்கெல்லாம் சரி. ஆனால் கணக்கு சரியாக இருந்தும் செத்துக்கிடக்கிற மேப்கள் உண்டு. வீட்டை வரைவதற்கு முன்னால் தண்ணீரை வரையணும். நம் பக்கத்து ஊர் எதுவும் தண்ணீரை வைத்துத்தான் உட்கார்ந்திருக்கும்.

இந்த மாவட்டத்தில் நிலம் வடமேற்கிலிருந்து தென்கிழக்கே கடலைப் பார்த்துச் சரிகிறது. மழை ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுவதோடு சரி. அதைப் பிடித்து வைக்கத்தான் கண்மாயும் ஊருணியும். ஒரு கண்மாய் நிரம்பிக் கலுங்கு வழியே வழிந்தால் அடுத்த கண்மாய்க்குப் போகும். இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணி உங்கள் ஊருக்கு வடமேற்கு மூலையில், மேப்பின் விளிம்பில் தெரியட்டும். முழுக் கண்மாயையும் வரைய வேண்டாம். பிறை மாதிரி வளைந்த கரை, ஒரு மடை, அதிலிருந்து கிளம்பும் வாய்க்கால், கீழே நாலு வயல். கரையின் வளைவை 4, 3, 2, 1, 1 என்று கட்டம் குறைத்துப் படியாக இறக்கினால் கண்ணுக்கு வளைவாகத் தெரியும். ஒவ்வொரு கட்டமாக 45 பாகையில் இறக்கினால் ரம்பப் பல்தான் கிடைக்கும்.

குடிதண்ணீர் ஊருணி தனி. ஆடு மாடு இறங்காது, யாரும் குளிக்க மாட்டார்கள். வீடுகளுக்கு மேற்கே அல்லது வடமேற்கே, அதாவது ஊர்க் கழிவு சேராத மேட்டுப்பக்கம் வைங்க. 10×8 கட்டம், சுற்றிலும் ஒரு கட்டக் கரை, வடமேற்கில் வரத்துக்கால், ஒரே ஒரு பக்கம் 3 கட்டப் படித்துறை. நாலு பக்கமும் படி வைத்தால் கோயில் தெப்பக்குளம் ஆகிவிடும். குளிக்கவும் மாட்டுக்கும் இன்னொரு குளம், ஊருக்குக் கிழக்கே பள்ளத்தில்.

கரையோரக் கிணற்றில் ஒரு நுணுக்கம். மணல் நிலத்தில் மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீருக்கு மேலே மெல்லிய படலமாக மிதக்கும். ஆழம் குறைவாகத் தோண்டினால் நல்ல தண்ணீர், பேராசைப்பட்டு ஆழப்படுத்தினால் உப்பு. ராமேசுவரம் கோயிலுக்குள் 22 தீர்த்தம் இருப்பதும் இப்படிப்பட்ட மணல் தீவில்தான். ஆகவே கடற்கரைக் கிணற்றுக்குப் பெரிய கல் கட்டும் ராட்டினமும் வைக்க வேண்டாம். மணலில் இடுப்பளவு குழி, பக்கத்தில் ஒரு பனையோலைப் பட்டை, அவ்வளவே. கதையில் யாரோ கிணற்றை ஆழப்படுத்தி ஊர்த் தண்ணீரைக் கெடுத்துவிட்டான் என்று ஒரு கிளைக்கதை தானாகவே கிடைக்கும்.

வதந்தி, செய்தி சொல்லும் என்.பி.சி.களை ஊருணிப் படித்துறையில் நிறுத்துங்கள். மேலைநாட்டு ஆர்பிஜி-யில் சாராயக்கடை செய்கிற வேலையை இங்கே படித்துறை செய்யும். கள்ளுக்கடை ஊருக்கு வெளியே பனங்காட்டில் இருக்கட்டும், அங்கே கிடைக்கிற சேதி வேறு மாதிரி.

தங்குமிடத்துக்குச் சத்திரம் வையுங்கள். சேதுபதிகள் ராமேசுவரம் போகும் வழியெங்கும் யாத்திரிகர்களுக்குச் சத்திரம் கட்டியிருந்தார்கள். இடம், ஊருக்குள் நுழையும் சாலையில், முதல் வீட்டுக்கும் முன்னால். யாத்திரிகர் நடுத்தெருவுக்கு வந்து இடம் தேட மாட்டார். சத்திரத்தில் சோறும் படுக்கையும் இலவசம் என்பதால் உங்கள் பணக் கணக்கு ஆடும். ஓர் இரவு மட்டும் தங்கவிட்டு உடல்பலத்தைப் பாதி ஏற்றுங்கள். முழுதும் ஏற வைத்தியர் வீட்டுக்குப் போய்க் காசு கொடுக்கட்டும்.

வரையும் வரிசை இப்படி இருக்கட்டும்: படகு இழுக்கும் கரை, ஊருணி, இரண்டையும் சேர்க்கும் ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதைதான் ஊரின் முதல் தெரு. அது நேராக இராது, நடுவில் ஒரு மணல்மேட்டைச் சுற்றி வளையும். பிறகு வெளியூரிலிருந்து வரும் வண்டிப்பாதை அதை வெட்டும் இடத்தில் கடைத்தெரு. வழிபாட்டு இடங்கள் அதற்குப் பிறகு, கடைசியில் வீடுகள். இந்த வரிசையில் போட்டால் 24 வீட்டுக்கும் இடம் தானாக அமையும், எதற்கு அங்கே இருக்கிறது என்று காரணமும் இருக்கும்.

சீமைக் கருவேலத்தை வரைந்துவிடாதீர்கள். இன்று எங்கு திரும்பினாலும் அதுதான், ஆனால் அது இந்த மண்ணை மூடியது 1900-க்கு வெகு பின்னால். பனை, உடை, கண்மாய்க்குள் நாட்டுக் கருவேலம், கரையில் புளி போதும்.

கீழக்கரை_காக்கா

தெரு நேரா வளைவா என்ற கேள்விக்கு ஊருணிக்கரை பாதிப் பதில்தான் சொல்லியிருக்காக. எல்லாத் தெருவும் வளைஞ்சிருக்கணும்னு நினைச்சு நூடுல்ஸ் மாதிரி வரையுறவங்க ஜாஸ்தி. தேர் ஓடுற தெரு நேராத்தான் இருக்கும், அகலமாத்தான் இருக்கும், முக்கில் தேர் திரும்ப இடம் விட்டிருக்கும். ராமேசுவரத்துல கோயிலைச் சுத்தி நாலு ரத வீதியும் அப்படித்தான். உங்க ஊர்ல தேர் இருக்கா, இல்லையான்னு முதல்ல முடிவு பண்ணுங்க. இருந்தா கோயிலைச் சுத்தி 5 கட்ட அகலத்துல நேர்வீதி, நாலு முக்கிலயும் 7×7 காலியிடம், தேர்முட்டி ஒண்ணு. தேர் இல்லாத சின்னக் கோயில்னா இந்தச் செலவே வேணாம்.

வியாபாரிகள் தெரு வேற ரகம். வீடும் வீடும் சுவரோட சுவர் ஒட்டி, தெருவுக்கு உயரமான மூடின சுவர், உள்ளே திறந்த முற்றம். எம்வி-ல இதை வரையும்போது ஒரே வகை ஏ3 (பக்கத்து டைலோட தானா ஒட்டிக்கிற கட்டட டைல் தாள்) கூரையைப் பக்கத்துப் பக்கத்துல வச்சா ரெண்டும் ஒட்டி ஒரே பெரிய கூரையாயிரும். வீட்டை மேப்பின் காலி மூலையில தனியா வரைஞ்சு, வலது பொத்தானால இழுத்து நகலெடுத்து, ஷிஃப்ட் பிடிச்சுக்கிட்டே ஒட்டுங்க. விளிம்பு அப்படியே நிக்கும். உயரத்தையும் வீட்டுக்கு வீடு ஒரு கட்டம் ஏத்தி இறக்குங்க, இல்லாட்டி ரயில் பெட்டி வரிசையாத் தெரியும்.

சுவருக்கு வலதுபக்கம் எம்வி தானாவே நிழல் போடும். மண் தெருவுல பரவால்ல. வெள்ளை மணல்லயும் தண்ணியிலயும் அந்த நிழல் அசிங்கமா விழும், நிழல் பேனாவால அழிச்சிருங்க.

பள்ளிவாசல்: நம்ம ஊர்ல கிப்லா மேற்கே. ஆக மேற்குச் சுவர் வாசல் இல்லாம இருக்கும், தலைவாசல் கிழக்கே. உங்க டைல் தெற்கு முகத்தைத்தான் காட்டும், அதனால கிழக்கே 6×6 வெளி விட்டு, அங்கே ஹவுள் (தொழுகைக்கு முன்னாடி கை கால் கழுவுற தொட்டி) வச்சு, மதில் வாசலைக் கிழக்குல திறங்க. தெற்குப் பக்கம் ஒரு சின்ன வாசல் கண்ணுக்குத் தெரியட்டும். பெரிய வெங்காயக் கும்பமும் நாலு மினாராவும் போட்டுராதீக. கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளியைப் பார்த்தவங்களுக்குத் தெரியும், கல்தூணும் தட்டைக் கூரையும் கோயில் மண்டப வேலைப்பாடுமா இருக்கும். கோயில் டைல்லேர்ந்தே தூணை எடுத்து, உருவச் சிற்பம் இல்லாம கொடியும் பூவுமா மாத்திக்கிட்டாப் பொருந்தும்.

அடுத்து நாத்தம். சிரிக்காதீக, மேப்புக்கு இது முக்கியம். சங்கு குளிச்சுக் கொண்டாந்தா உள்ளே இருக்கிற சதை அழுகி வெளியே வரணும், அப்புறம் கழுவணும். சங்குக் கொட்டகை எவன் வீட்டுக்கும் பக்கத்துல இருக்காது. கருவாடு காயுற இடமும் அப்படித்தான். வைகாசியிலேர்ந்து ஆவணி வரை கச்சான் தென்மேற்குலேர்ந்து அடிக்கும், ஐப்பசி தாண்டினா வாடை வடகிழக்குலேர்ந்து. ரெண்டு காத்துலயும் தப்பிக்கிற இடம் கரையோட தென்கிழக்கு முனைதான்: கச்சான் நாத்தத்தை வீடுகளைத் தொடாம கிழக்கே கொண்டுபோகும், வாடை கடலுக்குள்ள தள்ளும். அங்கே கொட்டகை, கருவாட்டுப் பாய், பக்கத்துல உப்புக் குவியல். கொல்லன் பட்டறையும் ஓலைக்கூரைக்கு எட்டாத தூரத்துல, அந்தப் பக்கம்தான். உங்க ஆயுதக் கடை அதுவே. அருவா, பாளைக் கத்தி, மீன்குத்தி ஈட்டி விக்கட்டும், நீளவாள் எதுக்கு?

கொட்டகைக்குள்ள ஒரு சின்ன ஆட்டமும் வைக்கலாம். வட்ட ஓட்டை போட்ட அளவுப் பலகையில சங்கை விட்டுப் பார்த்துத் தரம் பிரிப்பாக. ஓட்டைக்குள்ள நழுவி விழுந்தா அது சின்னச் சங்கு, தள்ளுபடி. நல்ல சங்கு வங்காளத்துக்கு வளையல் அறுக்கப் போகும்.

மண்டபம்_பிக்சல்

காக்கா, ஊருணிக்கரை அண்ணே, கட்டம் அண்ணே, மூவருக்கும் நன்றி. 60×50 ஆக்கி, தண்ணீர், பாதை, கடைத்தெரு வரிசையில் போட்டேன், இப்போதே ஊர்க்களை வந்துவிட்டது. மூன்று சந்தேகம் பாக்கி.

கோபுரத்தை ஊரின் அடையாளமாக வைக்க நினைத்தேன், ஆனால் கிட்டே போகும்வரை திரையில் தெரியவே இல்லை. இரண்டாவது, பனைமரத்துக்குப் பின்னால் ஆள் போனால் மரத்தின் மேலேயே நடக்கிறான். மூன்றாவது, 2 கட்டச் சந்திலும் என்.பி.சி. வழிமறித்து நிற்கிறது.

கட்டம்17

மேலிருந்து பார்க்கும் மேப்பில் தொடுவானம் கிடையாது, அதனால் தூரத்துக் கோபுரம் என்பதே இல்லை. நாயகனிடமிருந்து இடமும் வலமும் 8 கட்டம், மேலும் கீழும் 6 கட்டம், இதுதான் அவன் கண்ணுக்கு எட்டும் உலகம். 9 கட்ட உயரக் கோபுரத்தைத் தெற்கிலிருந்து நெருங்கினால் முதலில் வாசற்படி, பிறகு உடம்பு, கடைசியில்தான் கலசம். வடக்கிலிருந்து வந்தால் முதலில் கலசம் தெரியும், ஆனால் கோபுரமே பாதையை மறைக்கும். கிழக்கிலோ மேற்கிலோ இருந்து, கோபுரத்தின் நடு உயரத்துக்கு நேராகப் பாதை வந்தால் முழுக் கோபுரமும் ஒரே நேரத்தில் திரைக்குள் நுழையும். வண்டிப்பாதையை அப்படித் திருப்புங்க.

தூரத்திலிருந்தே கோயில் இருப்பதைச் சொல்லத் தரையும் ஒலியும் போதும். கோயிலுக்கு 15 கட்டம் முன்னாலேயே மண் பாதை கல்பாவாக மாறட்டும். அந்தக் கோட்டில் பிளேயர் டச் ஈவென்ட் (நாயகன் மிதித்ததும் இயங்கும் கட்டளை) வரிசை ஒன்று வைத்து, அலைச் சத்தத்தின் பிஜிஎஸ் (பின்னணிச் சத்தம்) ஒலியளவைக் குறைங்க. திரும்பி வரும்போது ஒலியை மறுபடி ஏற்ற, அடுத்த கட்டத்தில் இன்னொரு வரிசை. இதற்குப் பேரலல் ஈவென்ட் (பின்னணியில் ஓயாமல் ஓடுவது) போட்டு ஒவ்வொரு ஃபிரேமிலும் தூரம் கணக்குப் பார்க்க வேண்டாம், பழைய போனில் திணறும்.

கடலுக்குள்ளும் ஓர் அடையாளம் வைக்கலாம். தேவிபட்டினத்தில் ஒன்பது கல் கடலுக்குள் நிற்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மாதிரி உங்கள் ஊருக்கு ஏதாவது. தண்ணீரில் தனியாக நிற்கும் பொருள் மேலிருந்து பார்க்கும்போது பளிச்சென்று தெரியும், சுற்றிலும் வேறெதுவும் இல்லாததால். ஆழமற்ற இடத்தில் நடந்து போகவிட்டால் அந்த டைலுக்கு புஷ் குறி போடுங்க, ஆளின் கால் பகுதி மங்கலாகி முழங்கால் தண்ணீரில் நிற்பது போலிருக்கும்.

பனை: அகலம் 1, உயரம் 4 கட்டம். அடிக்கட்டத்துக்கு மட்டும் கடக்க முடியாத எக்ஸ் குறி, மேலே உள்ள மூன்றுக்கும் நட்சத்திரக் குறி. நட்சத்திரம் போட்டால் அந்த டைல் ஆளுக்கு மேலே வரும், ஆள் அதன் பின்னால் நடப்பான். டைல்கள் பி முதல் ஈ வரை உள்ள தாள்களில் இருக்கட்டும். பனைக்கு நேர் பின்னால் மூன்று கட்டத்துக்குள் கதவோ பெட்டியோ வைக்காதீங்க, மறைந்துபோகும். மரங்களை ஒரே வரிசையில் நடாமல் 2, 5, 3 கட்டம் என்று இடைவெளியைக் கலைத்துப் போடுங்க. பனங்காடு தோப்பு இல்லையே, விதை விழுந்த இடத்தில் முளைத்தது.

வழிமறிப்புக்குக் காரணம் ரேண்டம் நகர்வு. சந்தில் இருப்பவருக்கு அதை எடுத்துவிட்டுக் கஸ்டம் பாதை கொடுங்க: குடத்தோடு ஊருணிக்கு, திரும்ப வீட்டுக்கு. பாதை அமைக்கும் பெட்டியில் ரிப்பீட், ஸ்கிப் இரண்டையும் டிக் பண்ணுங்க. ஸ்கிப் இல்லாவிட்டால் நாயகன் எதிரே வந்து நின்றதும் அந்தம்மா அங்கேயே உறைந்து, பின்னால் வருபவரும் நின்று, சந்து அடைத்துக்கொள்ளும். சும்மா நிற்பவர்களைத் திண்ணையில் ஏற்றிவிடுங்க. திண்ணை எதற்கு இருக்கிறது?

உடைமுள்

நான் கோடோ என்ற இன்னொரு விளையாட்டு எஞ்சின் பயன்படுத்துபவன், எம்வி ஆள் இல்லை. இந்தத் திரியைப் பார்த்து கோடோவில் செய்பவர்களுக்கு ஒரு வரி. 4.3-இலிருந்து ஒவ்வோர் அடுக்கும் தனி டைல்மேப்லேயர் நோடு. தரையை ஒன்றில் வைத்து ஒய்-சார்ட் (திரையில் கீழே இருப்பதை முன்னால் வரையும் அமைப்பு) இல்லாமல் விடுங்கள். பனை, வீடு, படகு வேறொன்றில், ஒய்-சார்ட் போட்டு, நாயகனும் என்.பி.சி.களும் அதே பெற்றோர் நோடின் கீழ். பனை டைலின் ஒய்-சார்ட் மூலப்புள்ளியை மரத்தின் அடிக்கு இறக்காவிட்டால் ஆள் மரத்துக்குப் பின்னால் நிற்கும்போதும் மரத்தின் மேலேயே தெரிவான். நட்சத்திரக் குறியெல்லாம் இங்கே தேவைப்படாது.

வீட்டுக் கதவு தெற்கேதான் பார்க்கணும் என்ற கட்டுப்பாடு எஞ்சின் தருவது அல்ல, டைல் படங்கள் தருவது. பக்கவாட்டுச் சுவர் வரையத் தெரிந்தவர் இருந்தால் பாக் நீரிணைப் பக்கமும் போகலாம். அலை கம்மி, ஆழம் கம்மி, படகு தொலைவில் நங்கூரம் போட்டு நிற்க ஆட்கள் தண்ணீரில் நடந்தே வருவார்கள். அந்தக் காட்சிக்கு ஈடாக மன்னார்ப் பக்கத்தில் ஒன்றும் கிடையாது என்பது என் கட்சி.

கீழக்கரை_காக்கா

கட்சி கட்டாதீக தம்பி, ரெண்டு கடலும் ஒண்ணுக்கொண்ணு மாத்து. கச்சான் காலத்துல தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளமாட்டம் கிடக்கும். வாடையில நேர் எதிர். உங்க விளையாட்டுல பருவம் உண்டுன்னா மண்டபம் தம்பி இதைப் பயன்படுத்தணும். படகு ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஈவென்ட், அதுக்குள்ள ரெண்டு பக்கம் (பேஜ்). முதல் பக்கம் வாடைக்காலம், படகு கரையோரம் தண்ணியில. ரெண்டாம் பக்கம் கச்சான் சுவிட்ச் போட்டா, அதே வள்ளம் மேல மணல்ல ஏத்திக் கிடக்கிற படம். நிபந்தனை ரெண்டும் ஒத்துப்போனா எம்வி எண் பெரிய பக்கத்தைத்தான் எடுக்கும், அதனால கச்சானை ரெண்டாவதா வைங்க. ஈவென்ட் ஒரே இடத்துலதான் நிக்கும்கிறதால தண்ணியில இருக்கிற படகும் மணல்ல இருக்கிற படகும் வேற வேற கட்டத்துல வரணும்னா ரெண்டு ஈவென்ட்டா பிரிச்சு, ஒண்ணு தெரியும்போது மத்ததுக்குக் காலிப் பக்கம் கொடுங்க.

வள்ளத்துக்கு 5 கட்ட நீளம் வேணும், 3 கட்டத்துல வரைஞ்சா காகிதக் கப்பல். அடியில உருளைக்கட்டை, பக்கத்துல விரிச்ச வலை, கல்லுக் குண்டு கோத்த கயிறு. மணல் ஒதுங்குறதையும் காத்துப்படி காட்டுங்க. கச்சான் அடிக்கிற தென்மேற்குப் பக்க வேலியில மணல் பாதி உயரம் ஏறி நிக்கணும், மறுபக்கம் சுத்தமா இருக்கணும்.

மண்டபம்_பிக்சல்

கடைசியாக ஒன்று. படகு வாகனத்தைத் துறையில் கொண்டுவந்து நிறுத்தினால் சில நேரம் நாயகன் இறங்குகிறான், சில நேரம் எந்தப் பொத்தானுக்கும் அசைய மாட்டேன் என்கிறான். இதே இடம், இதே படகு.

கட்டம்17

இறங்கும் கட்டத்தில் ஆள் நிற்கிறது. படகு பார்க்கும் திசையில் அடுத்த கட்டத்தை எம்வி சோதிக்கும். அது கடக்கக்கூடியதாக இருக்கணும், அங்கே வேறு ஈவென்ட் நிற்கக்கூடாது. உங்கள் துறையில் ரேண்டமாகத் திரியும் கூலிக்காரர் அந்தக் கட்டத்துக்கு வரும்போதெல்லாம் இறங்க முடியாமல் போகும். துறையின் நுனியில் குறைந்தது 3 கட்டத்தை என்.பி.சி. பாதையிலிருந்து விலக்கிவையுங்க. மீன்கூடை, கயிற்றுச் சுருள் மாதிரி அலங்காரங்களை ஈவென்ட்டாக வைத்திருந்தால் டைலாக மாற்றுங்க. ஈவென்ட்டாகவே வேண்டும் என்றால் முன்னுரிமையை ஆளுக்குக் கீழே என்று வைங்க, அடியில் இருக்கும் டைல் கடக்கக்கூடியதா என்றும் பாருங்க.

இன்னொரு பக்கமும் சோதியுங்க. புஷ் குறி போட்டு நடக்கவிட்ட ஆழமற்ற தண்ணீர் டைலையே கடல் முழுக்கப் பயன்படுத்தியிருந்தால் நடுக்கடலில் படகை விட்டு இறங்கி நடந்துபோக முடியும். நடக்கும் தண்ணீருக்குத் தனி டைல் வையுங்க, கரையிலிருந்து 2 வரிசையும் அந்தக் கல் நிற்கும் இடம் வரை ஒரு பாதையும் மட்டும்.